அடியில் என்ன இருந்தது

ஒக்டோபர் 9
நாலு மணிக்கு இடி, ஐந்துக்கு மழை, ஏழுக்கு ஓய்ந்தது. நேற்றும் இப்படித்தான். இன்னும் மூன்று நாள்.

ஒக்டோபர் 12
வந்துவிட்டது. பின்வளவுப் புல்லில் வளைந்த வரிசையாகப் பதினொரு காளான். நாலு இன்னும் விரியவில்லை, தடித்த காம்பில் கோழிமுட்டையைக் குத்தி வைத்தது போல நிற்கின்றன. இரண்டு முழுதாக விரிந்து சாப்பாட்டுக் கோப்பை அகலம். வெள்ளைக் குடை, நடுவில் கபிலத் திட்டு, சுற்றிவர ரஸ்க் தூள் ஒட்டியது போலச் செதில். காம்பில் வளையம், விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகர்கிறது. குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாகச் செவுள், அது வெள்ளை. ஆட்களை ஏமாற்றுவது இந்த வெள்ளைதான்.

மூன்றை எடுத்தேன், விரிந்தது இரண்டு, முட்டை ஒன்று. பிடுங்கவில்லை. சுற்றிவர நாலு விரல் ஆழத்துக்குக் கரண்டியால் குத்தி, மண்ணோடு நெம்பி எடுத்தது. அடி கொஞ்சம் பருத்திருக்கிறது. அடியைச் சுற்றிக் கிண்ணம் இல்லை, கிழிந்த உறை இல்லை. பிடுங்கினாலும் கத்தியால் அறுத்தாலும் அடி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அமானிட்டா என்ற கொலைகாரக் குடும்பத்தின் அடையாளம் பாதி அந்த மண்ணுக்குள்தான்.

கொண்டுவந்தது கடதாசிப் பையில். ஷொப்பிங் பேக்கில் போட்டால் இந்த வெக்கைக்கு வேர்த்துக் களியாகிவிடும், பிறகு எதையும் பார்க்க முடியாது.

அன்றிரவு
வித்திப் பதிவு வைத்தாயிற்று, குடை கொட்டும் வித்தித் தூளின் நிறம் பார்க்க. காம்பைக் குடையோடு ஒட்ட வெட்டி, செவுள் கீழே பார்க்கக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்தேன். குடையின் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே ஒரு கிண்ணத்தால் மூடினேன். பாதி கறுப்பு, பாதி வெள்ளைக் கடதாசியில் வைப்பார்கள். கொழும்பு ஈரத்தில் கடதாசி நெளிந்து பதிவு குழம்பும். கண்ணாடி என்றால் பிறகு எந்த நிறத்துக்கு மேலும் பிடித்துப் பார்க்கலாம். மின்விசிறி நிறுத்தம். தட்டு ஒரு குவளை மேல், குவளை தண்ணீர்ப் பேசினுக்குள். இல்லையென்றால் விடிவதற்குள் எறும்பு வந்துவிடும்.

விரியாத முட்டையையும் வெட்டித் தனித் தட்டில் வைத்தேன். அது ஒன்றும் கொட்டாது. வேண்டுமென்றேதான் வைத்தேன்.

ஒக்டோபர் 13
காலை 6.10. பச்சை.

மெல்லிய படையாகப் பார்த்தால் சாம்பல் போலத்தான் தெரியும். கத்தி விளிம்பால் வழித்து ஒரு குவியலாக்கி, ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் பச்சை கபிலமாகிவிடும். குவியல் ஊறவைத்த பயற்றந்தோல் நிறம். அதைக் கொட்டிய குடையின் செவுளோ இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. பச்சை செவுளில் ஏற இன்னும் ஒரு நாளாவது வேண்டும்.

குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ். வெப்பநாட்டுப் புல்தரைகளில் ஆட்களை அதிகம் வாந்தியெடுக்க வைப்பது இதுதான். சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடவைக்கும். பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, ஆனால் சின்னப் பிள்ளைக்கும் வயதானவருக்கும் உடம்பின் நீர் இறங்கிப்போவதே போதும். அவித்தால் போய்விடும் என்று நம்ப முடியாது.

முட்டை வைத்த தட்டு வெறுமை. பதிவு இல்லை என்பதும் வெள்ளைப் பதிவு என்பதும் ஒன்றல்ல. "ஒன்றும் விழவில்லை, அப்ப வெள்ளைதானே" என்று கணக்குப் போட்டுச் சட்டியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒக்டோபர் 14
மழை இல்லை. ஒன்றும் இல்லை.

ஒக்டோபர் 15
கீழ்வீட்டு மாமி மதிலுக்கு மேலால்: "வெள்ளிக் காசு போட்டு அவிச்சுப் பார், பிள்ளை. கறுக்காட்டிப் பயமில்லை."

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அவித்த முட்டையிலும் கறுக்கும். அமானிட்டாவின் நஞ்சு வெள்ளியை ஒன்றும் செய்யாது. உள்ளி நீலமாகிறதா, அரிசி சிவக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா, எல்லாம் அதே கதைதான். நத்தை தின்றது, அணில் தின்றது, ஆகவே நாமும் தின்னலாம் என்பது அதைவிட மோசம். மனிதனின் ஈரலை அழிக்கும் காளானை நத்தை ஆறுதலாகத் தின்றுவிட்டுப் போகும். தோலை உரித்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது, அவித்த தண்ணீரை வடித்து ஊற்றினாலும் போகாது. அந்த நஞ்சுக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை.

எந்த நஞ்சும் இல்லை என்று குசினியில் பார்த்துச் சொல்லும் சோதனை உலகத்தில் ஒன்றுகூட இல்லை. இருப்பது ஒரே வழி: இது இன்ன காளான் என்று பெயர் சொல்லத் தெரியவேண்டும். பெயர் தெரியாவிட்டால் அது சாப்பாடு இல்லை.

மாமிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "சந்தையில சிப்பிக் காளான் வாங்குங்கோ மாமி" என்றேன். விலையைச் சொல்லிச் சலித்துக்கொண்டார். அதிலும் நியாயம் இருக்கிறது.

ஒக்டோபர் 17
போயா. குரோட்டன் சாடிக்குள் எலுமிச்சை மஞ்சளில் மெல்லிசாக ஏழு. லியூக்கோகொப்ரினஸ். சாப்பிடுவதற்கில்லை. தொட்டால் ஒன்றும் ஆகாது. இந்தக் காளான் தொட்டதால் நஞ்சூட்டாது, சாடியைத் தூக்கி எறியத் தேவையில்லை.

ஒக்டோபர் 19
அவிசாவளைப் பக்கமிருந்து ஒரு கட்டு, வாழையிலையில். புற்றுக்காளான் என்று சொல்லித் தந்தது. சொன்னதை நம்பலாம், இருந்தாலும் பார்த்தேன்.

குடையின் உச்சியில் கூரான மொட்டு, தொட்டால் உறுதி. மண்ணைக் குத்திக்கொண்டு மேலே வர அதற்கு அந்த மொட்டு வேண்டும். விளிம்பு ஆங்காங்கே உள்நோக்கிக் கிழிந்திருக்கிறது. செவுள் நெருக்கம், காம்பைத் தொடவில்லை. கிண்ணம் இல்லை. இவ்வளவு சரி. முக்கியமானது வேர். புற்றுக்காளானின் காம்பு மண்ணுக்குள் வேர் போல ஒடுங்கி, கறையான் வளர்க்கும் பூஞ்சணக் கூடு வரைக்கும் போகும். ஒரு முழத்தைத் தாண்டியும் போகலாம். கட்டில் இருந்த ஒன்பதில் ஏழுக்கு அந்த வேர் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது, நுனி முறிந்தது. மற்ற இரண்டும் மண்மட்டத்தில் அறுத்தவை.

அந்த இரண்டையும் ஒதுக்கிவைத்தேன். கட்டில் எட்டுப் பேர் நல்லவர் என்பதால் ஒன்பதாமவரும் நல்லவர் ஆகிவிட மாட்டார். ஒவ்வொன்றாகத்தான் பார்க்கவேண்டும், கீரைக்கட்டு மாதிரி அல்ல.

ஒக்டோபர் 20
பதிவு: வெளிர் ரோசா. புற்றுக்காளானுக்குப் பொருந்துகிறது. ஆனால் என்டோலோமாவும் ரோசாதான், அதில் நஞ்சுள்ளவை உண்டு. அதற்குச் செவுள் காம்போடு ஒட்டியிருக்கும், வேர் இருக்காது. வைக்கோல் காளானும் ரோசாதான், அதற்கு அடியில் கிண்ணமே இருக்கும், வளையம் இருக்காது. ஆக நிறம் மட்டும் தெரிந்தால் போதாது. நிறம், செவுள், வளையம், அடி, முளைத்த இடம், ஐந்தும் ஒரே பெயரைச் சொல்லவேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் குப்பைக்கு.

வைக்கோல் காளான் பழக்கம் உள்ளவர்கள் வெளிநாட்டில் அகப்படுவது உண்டு. கன்பராவில் 2011 கடைசி இரவு விருந்தில் சாப்பிட்ட இருவர் 2012 ஜனவரியில் இறந்தார்கள். மரணத்தொப்பிக் காளான். அதற்கும் அடியில் கிண்ணம். பதிவு வெள்ளை. ஒரு இரவு கண்ணாடித் தட்டில் கவிழ்த்திருந்தால் தெரிந்திருக்கும். முட்டைப் பருவத்தில் பறித்தால் அந்த வழியும் இல்லை, ஆகவே காட்டுக்காளானில் முட்டையைத் தொடவே வேண்டாம். நெடுக்காக வெட்டினால் உள்ளே குட்டிக் குடையும் செவுளும் கோடாகத் தெரியும். பஃப்போல் என்ற உருண்டைக் காளான் என்றால் உச்சியிலிருந்து அடிவரை ஒரே வெள்ளை, பன்னீர்க்கட்டி போல. கோடு தெரிந்தால் பஃப்போல் இல்லை. உள்ளே கருஞ்சிவப்புக் கறுப்பு என்றாலும் இல்லை.

ஏழையும் நன்றாக வேகவைத்துப் பால்கறி. முதல் தடவைக்கு இரண்டு மேசைக்கரண்டி, மிச்சம் நாளைக்கு. வேகாதது இரண்டு கடதாசிப் பையில், குளிர்சாதனப் பெட்டியில், திகதி எழுதி.

ஒக்டோபர் 21
கறி மிச்சம் முடிந்தது. வாழையிலையைக் கழுவி வைத்திருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

ஒக்டோபர் 23
இரவு 10.05. மேல்வீட்டுத் தம்பி. எட்டு மணிக்குக் காளான் பொரித்துச் சாப்பிட்டிருக்கிறார். 9.50க்கு வாந்தி, இப்போது வயிற்றோட்டமும். போனில் ஒரு செயலி "பரசோல், உண்ணலாம்" என்று காட்டியதாம். மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படம். செவுள் இல்லை, அடி இல்லை, பதிவு இல்லை.

அம்புலன்ஸுக்கு, 1990 இலக்கத்துக்கு, அடித்தாயிற்று. உப்புத்தண்ணி குடிக்கக் கொடுக்கப் பார்த்தார்கள், வேண்டாம் என்றேன். வாந்தி எடுக்க வைப்பதால் லாபமில்லை, உப்பு கூடினால் அதுவே ஆபத்து.

கூடக் கொடுத்தனுப்பியது: சட்டியில் மிஞ்சியது, பொரிக்காத ஒரு குடை கடதாசிப் பையில், ஒரு துண்டுக் கடதாசியில் சாப்பிட்ட நேரம், வாந்தி தொடங்கிய நேரம், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், கூடக் குடித்தாரா. குடிக்கவில்லை. சில மைக்காளானுக்கு மூன்று நாள் கழித்துச் சாராயம் குடித்தாலும் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும், அதனால் அந்தக் கேள்வி.

இரண்டு மணித்தியாலத்துக்குள் வாந்தி. பச்சைக்காரன். நல்லது. நல்லது என்று எழுதுவது கொடுமைதான், ஆனால் சீக்கிரம் வருவது நல்லது. ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு தொடங்குவதுதான் ஈரலுக்குப் போவது.

11.30. போன் வந்தது. பின்வளவுப் புல் வட்டத்தில் இருந்ததோடு மாமரத்தடியில் நின்ற சின்ன வெள்ளை "இரண்டு மூன்றும்" சேர்த்தாராம்.

ஒக்டோபர் 24
அப்படியானால் நேற்று எழுதியதற்கு அர்த்தமில்லை. கலந்து சாப்பிட்டவருக்கு ஆறு மணிக் கணக்கு உதவாது. பச்சைக்காரன் முதலில் கத்துவான், அந்தச் சத்தத்துக்குள் மற்றவன் வருவது கேட்காது. வைத்தியசாலைக்கு இதைத் தெளிவாகச் சொல்லும்படி சொன்னேன்: இரண்டு இனம், ஒன்று தெரியாது. நஞ்சுத் தகவல் நிலையம் தேசிய வைத்தியசாலையிலேயே இருக்கிறது, கேட்கச் சொன்னேன்.

இரவு எடுத்த ஈரல் ரிப்போர்ட் சரியாம். அது ஒன்றையும் சொல்லாது. அதற்கு நேரம் போதாது. 24 மணியில், 48 மணியில் திரும்ப எடுக்கவேண்டும்.

"எப்படிப் பறிச்சீங்கள்?" "கத்தியால. சுத்தமா."

அப்படியென்றால் அடி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது.

டோர்ச்சோடு மாமரத்தடி. அறுத்த காம்பின் கட்டை ஒன்று கிடைத்தது. கரண்டியால் அகலமாக நெம்பி, மண்ணைத் தண்ணீரில் மெல்லக் கரைத்தேன், தேய்க்கவில்லை. பென்சில் தடிப்பு. கிண்ணம் இல்லை. அமானிட்டாவின் கொடியவை சில மரங்களின் வேரோடு கூட்டாக வாழ்பவை, மா அந்தக் கூட்டில் இல்லை. பத்து நிமிடம் நிம்மதி.

பிறகு ஞாபகம் வந்தது. சின்ன லெபியோட்டாக் காளான்கள் சிலவற்றில் அதே நஞ்சு உண்டு. அதற்கு மரமும் வேண்டாம், கிண்ணமும் கிடையாது. தோட்டத்து மண் போதும். இத்தனை நாளும் அடி, அடி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கிண்ணம் இருந்தால் விடு என்பது சரி. கிண்ணம் இல்லாவிட்டால் எடு என்று யாரும் சொல்லவில்லை. வேண்டியது குடை, அல்லது குடையின் ஒரு துண்டு.

ஒக்டோபர் 25
காலை. தம்பி எழும்பி இருக்கிறாராம், பிளேன்ரீ குடித்தாராம், வீட்டுக்கு வரக் கேட்கிறாராம். 36 மணி. இந்த இடத்தில்தான் ஆட்கள் வீட்டுக்குப் போகிறார்கள். நஞ்சு ஈரலில் இருந்தால் இரண்டாம் மூன்றாம் நாள் ஆள் தெளிவாகத்தான் இருப்பார். அசாமில் 2022 ஏப்ரலில் 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அங்கேயும் பக்கத்துப் பற்றையில் பறித்ததுதான்.

விடவேண்டாம் என்று சொல்லுங்கோ. 48 மணி ரிப்போர்ட் வரட்டும்.

குப்பை வாளி: சமையல் கழிவு நேற்றே லொறியில் போய்விட்டது.

பின்னேரம். குசினிக் குழாயடி வலையில் ஒரு செவுள் துண்டு, விரல்நகம் அளவு. வெள்ளை. கழுவுப்பட்டது, இனிப் பதிவு விழாது என்று தெரியும். கண்ணாடியில் வைத்து மூடியிருக்கிறேன்.

7.40. மழை. மாமரத்தடியில் இரண்டாவது கட்டை, பக்கத்தில் புதிதாக ஒரு சின்னத் தலை, மண்ணை இப்போதுதான் தள்ளுகிறது. அகலம் ஒரு ரூபாய்க் காசு. நாளை மத்தியானம் விரியும். மேலே ஒரு கூடையைக் கவிழ்த்துக் கல் வைத்தேன், நத்தை வராமல்.

ஒக்டோபர் 26
5.50. விரியவில்லை. ரிப்போர்ட்டும் வரவில்லை.