விடிலிக்குப் போன நூலகப் புத்தகங்கள்

நம் பள்ளி நூலகத்தில் ஒருவருக்கு ஒரு புத்தகம் என்பதுதான் சட்டம். ஆனால் முழுப்பரீட்சை முடிகிற அன்று, நூலகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த தமிழய்யா, என் பெயரில் ஒன்றும் தன் பெயரில் நான்குமாக ஐந்து புத்தகங்களைப் பதிவேட்டில் எழுதிக் கையில் கொடுப்பார். இந்தச் சலுகை எனக்கு மட்டும்தான் என்று வெகுகாலம் பெருமையாக நினைத்திருந்தேன். போன வருடம் இங்கே சிங்கப்பூரில் நடந்த நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் கேட்டால், என்னையும் சேர்த்து ஆறு பேர் கை தூக்குகிறோம். ஆளுக்கு 4 என்றால் 24 புத்தகங்களுக்கு அந்த மனிதர் தன் சம்பளத்தைப் பணயம் வைத்திருக்கிறார்.

மற்ற ஐந்து பேர் எங்கே உட்கார்ந்து படித்தார்களோ தெரியாது. நான் படித்தது பனங்காட்டில், பெரியப்பாவின் விடிலியில். டவுனில் வளர்ந்த தோழர்களுக்காகச் சொல்கிறேன்: பனையேறுகிறவர்கள் பருவத்துக்கு மட்டும் காட்டுக்குள் போட்டுக்கொள்ளும் குடிசைதான் விடிலி. எங்களுடையது இராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்குத் தெற்கே, கன்னிராஜபுரம் பக்கம், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருந்தது. பனங்கட்டையில் கால், பனமட்டையில் சுவர், பனையோலையில் கூரை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே பாதி இடம் அடுப்புக்கு. மாசியில் பாளை வந்ததும் குடிபோனால் ஆடியில்தான் ஊர் திரும்புவார்கள். எங்கள் கோடை விடுமுறை சரியாகப் பதநீர் பெருகுகிற நேரத்தில் வரும். ஒத்தாசைக்குப் போகிறேன் என்று பெயர். ஆடு இழுக்காத உயரத்தில் புத்தகப் பையை மாட்டிவிட்டுச் சுள்ளி பொறுக்கப் போவேன், சீக்கிரம் திரும்பிவிடுவேன்.

காட்டுக் குடிசையில் மௌனமாகப் படிப்பதைப் போன்ற சுகம் உண்டா என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். பனங்காட்டில் மௌனம் ஏது? கச்சான் காற்று எழும்பிவிட்டால் ஓலை போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழாது. பாண்டியரின் பழைய கோடித் துறையில், அதாவது நம் தனுஷ்கோடியில், ஓர் ஆலமரத்துப் பறவைகளின் ஆரவாரத்தை இராமன் அடக்கியதாக அகநானூற்றின் 70ஆம் பாட்டு சொல்கிறது. எனக்கு அடக்கித் தர யாரும் இல்லை. அதனால் கத்திப் படித்தேன். கத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அடுப்பை விட்டு நகரவும் முடியாது.

காலையில் பெரியப்பா இறக்கிய பதநீரைச் சுண்ணாம்பு தெளியவிட்டு வடிகட்டி அடுப்பில் ஏற்றினால், கருப்பட்டிப் பதம் வரும்வரை மணிக்கணக்கில் துழாவ வேண்டும். முதலில் பொங்கும், வழியாமலிருக்கப் பெரியம்மா ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார். அப்புறம் கூப்பனியாக, அதாவது குழைந்த பாகாகத் திரளும். அதற்குப் பிறகுதான் கண்டம். கொஞ்சம் அசந்தால் அடி பிடித்துக் கருகிவிடும். சிரட்டைகளில் ஊற்றி முடிக்கும் வரை அவர் கையில் துடுப்பு, என் கையில் புத்தகம். கதை சோர்ந்தால் துடுப்பு வேகமாகச் சுற்றும். கதை பிடித்தால் மெதுவாகும். இதைவிடக் கறாரான விமர்சனத்தை இந்த நாற்பது வருடத்தில் நான் எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை. அரண்மனை, நந்தவனம் என்று இரண்டு பக்கம் வர்ணனை போனால் “தள்ளுய்யா அந்தப் பக்கத்த” என்று உத்தரவு வரும். சரித்திர நாவல்கள் பாதிக்குப் பாதி அப்படித் தள்ளப்பட்டவைதாம். துப்பறியும் கதையில் கொலைகாரனை மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவார்.

துடுப்பு ஒரே ஒரு முறைதான் அடியோடு நின்றது. 1983 கோடை, புத்தகம் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் ‘குமாயுன் புலிகள்’. சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதையும், 1907இல் கார்பெட் அதைத் தேடிப் போனதையும் படித்துக்கொண்டிருந்தேன். இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே அவர் தனியாகப் பள்ளத்தில் இறங்குகிறார். நானும் நிறுத்தவில்லை, பெரியம்மாவும் மூச்சு விடவில்லை. முதலில் மோப்பம் பிடித்தவர் வெளியே அரிவாள் தீட்டிக்கொண்டிருந்த பெரியப்பாதான். உள்ளே ஓடிவந்து சட்டியை இறக்கினார். ஒருநாள் உழைப்பு தார் மாதிரிக் கிடந்தது. அவசரத்தில் தெறித்த பாகு புத்தகத்தின் மேலும் விழுந்தது. பெரியப்பா திட்டவில்லை. சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “புலி செத்துச்சா இல்லையா?” என்றார்.

செத்தது. ஆனால் பெரியம்மாவின் மனதைத் தைத்தது அதற்குப் பிறகு வருகிற விஷயம். யாரோ எப்போதோ சுட்டதில் அந்தப் புலியின் வலப்பக்கக் கோரைப்பல் மேலும் கீழும் உடைந்திருந்தது. காட்டு மிருகத்தைப் பிடித்துத் தின்ன முடியாமல்தான் மனிதர் பக்கம் திரும்பியது என்கிறார் கார்பெட். “பல்லு போனா அது என்னத்தத் திங்கும், பாவம்” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 436 பேர் செத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

ஜூனில் புத்தகத்தைத் திருப்பியபோது தமிழய்யா அதை முகர்ந்து பார்த்தார். ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தால் பிரித்தார். அபராதம் போடவில்லை. அடுத்த கோடையில் ஒரு கருப்பட்டிச் சிப்பம் அவர் வீட்டுக்குப் போனது என்பதை இப்போது சொன்னால் குற்றமில்லை.

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ கனத்தைப் பார்த்து நான் பயந்த புத்தகம். பெரியப்பாவுக்கோ அது ஓலையைப் பற்றிய புத்தகம். ஏடு தேடி ஊர் ஊராக ஒருவர் அலைந்தார் என்றதுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எந்த ஓலையில் எழுதுவார்கள், எப்படி வேகவைத்து உலர்த்திப் பதப்படுத்துவார்கள் என்று எனக்கே பாடம் எடுத்தார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் போட்டுவிட்டார்கள் என்ற இடம் வந்தது. தமிழய்யா வகுப்பில் இதைச் சொன்னபோது எந்தெந்த நூல் போயிற்றோ என்று வருந்துவார். பெரியப்பா கேட்டது வேறு: “மரத்துல ஏறி அந்த ஓலைய வெட்டுனவன நெனச்சுப் பாத்தானுகளா?”

மூக்கையூரிலிருந்து கருவாடு கொண்டுவந்து கருப்பட்டி மாற்றிப் போகிற ஒரு தாத்தா இருந்தார். கடல் கதைகளுக்கு அவரே நீதிபதி. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. நாட்டுப்படகு வல்லத்துக்காரர்களுக்கும் விசைப்படகு லாஞ்சுக்காரர்களுக்கும் பகை முற்றுகிற பக்கங்களைப் படித்தபோது வெற்றிலையை மடித்தவர் வாயில் போடாமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். கருப்பட்டி எடுக்க மறந்துவிட்டார் என்று நான் பின்னால் ஓடிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கல்லூரிக் காலத்தில் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ ஆங்கிலத்தில் கிடைத்தது. பத்தி பத்தியாகப் படித்து என் தமிழில் சொன்னேன். 84 நாள் மீன் படாத கிழவன், படகைவிட இரண்டடி நீளமான மீன், கடைசியில் சுறாக்கள். மீனும் சுறாவும் தாத்தாவுக்குப் புதுசில்லை. அவர் பிடித்துக்கொண்டது, அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்காரர் கிழவனுக்குச் சோறு கொடுத்தனுப்பும் சின்ன இடத்தை. “எம்பத்தி நாலு நாள் வெறுங்கையோட வந்தவனுக்கு ஒருத்தன் சோறு போட்டானா? அது என்ன ஊருய்யா?” கியூபா என்றேன். “நல்ல ஊரு” என்றார்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலேயே வந்துவிட்டது, நம் நூலகத்தில் ஏனோ இல்லை. அவர் பிறந்த சிங்கம்புணரி அன்று நம் இராமநாதபுரம் மாவட்டம்தான். 1985இல்தான் சிவகங்கைப் பக்கம் போனது. நான் இங்கே வந்தபிறகே அதைப் படித்தேன். சுமத்ராவிலிருந்து பினாங்குக்குப் புயலில் தொங்கான் என்கிற சரக்குப் படகு அலைகிற அத்தியாயத்தை, விடிலியில் கச்சான் காற்றில் கத்திப் படித்திருக்க வேண்டும். பதினாறாவது மாடியில் குளிர்சாதன அறையில் படித்தது ஒரு குறைதான்.

கடைசியாக விடிலிக்கு நான் கொண்டுபோன புத்தகம் தோரோவின் ‘வால்டன்’. வேலைக்கு வந்த மூன்றாம் வருட விடுப்பு. அமெரிக்காவில் ஒருவர் 1845இல் குளக்கரைக் காட்டில் தன் கையால் குடிசை போட்டு இரண்டு வருடம் இருந்தார், செலவுக் கணக்கையும் எழுதிவைத்திருக்கிறார் என்றேன். தத்துவத்தை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, பெரியப்பா கணக்கைக் கேட்டார். பத்தடிக்குப் பதினைந்தடி வீடு. மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். ஆயிரம் பழைய செங்கல் 4 டாலர். ஆணி 3 டாலர் 90 சென்ட்.

“செங்கல்லுக்கும் ஆணிக்கும் கிட்டத்தட்ட ஒரே காசா? ஆணி எதுக்கு? அங்க நார் கெடையாதா?” மேலே கைகாட்டினார். “இத்தன வருசமா நிக்குது. இந்த விடிலியில ஒரு ஆணி இருக்கா, பாரு.”

பார்த்தேன். ஒன்று இருந்தது. என் புத்தகப் பை தொங்கிக்கொண்டிருந்த ஆணி.