மூன்றாம் பக்கத்தில் இருந்த கண் பரிசோதனை

எங்கள் மகள் 31 வாரத்தில், 1,350 கிராம் எடையுடன் பிறந்தாள். 24ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது 1,600 கிராம் இருந்தாள். மூக்கில் குழாய் இல்லை, பாலாடையில் புகட்டினால் விழுங்குகிறாள், உடம்புச் சூடு நிலையாக இருக்கிறது என்பதே எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்ததால், டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டில் எவரும் முழுதாகப் படிக்கவில்லை. செவிலியரும் மருந்துச் சீட்டை மட்டுமே விளக்கியிருந்தார்.

27ஆம் நாள் இரவு, இரும்புச்சத்து மருந்தின் அளவு மில்லியா சொட்டா என்ற சந்தேகத்தில் தாள்களைப் புரட்டியபோதுதான், மூன்றாம் பக்கத்தின் அடியில் ‘ஆர்ஓபி பரிசோதனை, 4 வாரத்தில்’ என்ற வரி கண்ணில் பட்டது. காலையில் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டோம். ஆர்ஓபி என்பது குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயாம். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் விளிம்புவரை வளர்ந்து முடிந்திருக்காது என்றும், பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை பிரிந்து பார்வையே போகக்கூடும் என்றும், அது தொடங்கும்போது வெளியே எந்த அறிகுறியும் தெரியாது என்றும் சொன்னார்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதற்குரிய அவகாசமோ சில நாள்கள்தான். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒற்றை வரியில் அடக்கியிருந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

29ஆம் நாள் கண் மருத்துவமனைக்குச் சென்றோம். பரிசோதனையின்போது பால் கக்கிப் புரையேறிவிடக் கூடாது என்பதால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே பாலை நிறுத்தச் சொன்னார்கள். கண்ணின் கருமணி விரிவதற்கு இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை சொட்டு மருந்து விட்டார்கள். பிறகு இமைகளைச் சிறிய கம்பிக் கவ்வியால் விலக்கி, நெற்றியில் விளக்கு கட்டிய மருத்துவர் உள்ளே பார்த்த அந்த ஓரிரு நிமிடங்களில், அவ்வளவு சிறிய உடம்பிலிருந்து அப்படியொரு வீறிடல் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நோய் இல்லை, ஆனால் குழாய்கள் இன்னும் விளிம்பை எட்டவில்லை என்று இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். நான்காவது முறை, பிறந்த பத்தாவது வாரத்தில், வளர்ச்சி முழுமையாகிவிட்டது என்றார்.

மற்றவை இவ்வளவு பதற்றம் தரவில்லை. இரும்புச்சத்து கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பதால், எடை கூடக்கூட அளவை மருத்துவர் மாற்றி எழுதினார். மலம் கறுத்ததைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்றார். வைட்டமின் டி சொட்டு நாள்தோறும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை என்பதால் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையும் செய்தார்கள். நானும் கணவரும் முறை வைத்துக்கொண்டு அவளை வெறும் மார்போடு அணைத்தபடி படுத்திருந்தோம். சாம்பிராணிப் புகையும் மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டவே வேண்டாம் என்று மருத்துவர் நேரடியாகவே சொல்லிவிட்டதால் அத்தையிடம் நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

வாதம் வந்தது ஆறாவது வாரத் தடுப்பூசிக்குத்தான். “வயிற்றில் இருக்க வேண்டிய பிள்ளைக்கு ஊசியா?” என்றார் அத்தை. தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு, குறைமாதம் என்று தள்ளிப் போடவோ அளவைக் குறைக்கவோ கூடாது என்று மருத்துவர் விளக்கிய பிறகே சம்மதித்தார். நான்காம் மாதம் கழுத்து நிற்கவில்லையே என்று நான் பதறியபோது, அதே மருத்துவர் ஒன்பது வாரத்தைக் கழித்து, “வளர்ச்சிக் கணக்கில் இவளுக்கு இப்போது இரண்டு மாதம்தான், அம்மா” என்றார்.

அன்றிலிருந்து என் நோட்டில் இரண்டு வயதுகள் இருக்கின்றன: இடப்பக்கம் பிறந்த தேதியிலிருந்து, ஊசிக்கு, வலப்பக்கம் பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து, தவழ்வதற்கும் உட்காருவதற்கும். இரண்டு வயதுவரை இப்படித்தான் எழுத வேண்டுமாம். அத்தை வலப்பக்கத்தை மட்டுமே ஒப்புக்கொள்கிறார்.