மூன்று சென்டிமீட்டர் காற்றுக்கும் கூரியர் காசு

ஒரு டபுள் பெட்ஷீட், இரண்டு தலையணை உறை. தராசில் வைத்தால் கவரோடு சேர்த்து 1 கிலோ 150 கிராம். பத்து நாள் கழித்து வரும் கணக்கில் அதே பார்சல் 2 கிலோ ஆகியிருக்கும். கரூர், சென்னிமலைப் பக்கம் சரக்கெடுத்து ஆன்லைனில் விற்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் வயிற்றெரிச்சல் இதுதான். கூரியர்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று புகார் டிக்கெட் போடுவதற்கு முன்னால் அளவு நாடாவை எடுங்கள். பல சமயம் தப்பு நம் கவரில்தான் இருக்கும்.

கூரியரில் எடை இரண்டு வகை. தராசு காட்டுவது ஒன்று. பார்சல் அடைக்கிற இடத்தை வைத்துப் போடும் வால்யூமெட்ரிக் எடை இன்னொன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். (சிலர் இன்னும் சின்ன எண்ணால் வகுப்பார்கள், ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.) இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். அதுவும் பெரும்பாலும் அரைக் கிலோ படியாக ஏறும்.

நம் பெட்ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். நன்றாக மடித்து அழுத்திய பார்சல் 35 × 28 × 6. பெருக்கினால் 5,880, எடை 1.176 கிலோ. 1.5 கிலோ படியில் நிற்கும். அதே பெட்ஷீட் கவருக்குள் உப்பி 9 சென்டிமீட்டர் உயரம் ஆனால் 8,820, எடை 1.764 கிலோ. பில் 2 கிலோவுக்கு. மூன்று சென்டிமீட்டர் காற்றுக்கு நாம் வாடகை கொடுக்கிறோம்.

காற்று எப்படிப் புகுகிறது? மடித்த துணி நிமிரப் பார்க்கும். அது துணியின் குணம். கையிருப்பில் இருக்கிறதே என்று பெரிய சைஸ் கூரியர் கவரில் போட்டால் நிமிர இடமும் கிடைத்துவிடும். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பும் கூரியர் ஹப்பில் இருக்கும் அளவு இயந்திரம் சராசரியெல்லாம் பார்க்காது. உப்பின இடத்தில் எது உச்சமோ அதுதான் உயரம். ஒட்டாமல் துருத்திக்கொண்டிருக்கும் கவர் மூலையும் நீளத்தில் சேரும். அதனால் மடித்த சரக்கை முந்தின இரவே அடுக்கி, மேலே ஒரு பலகை, அதன்மேல் பத்துக் கிலோ பாரம் என்று வைத்துவிடுங்கள். உள் கவரின் இரண்டு மூலையில் குண்டூசியால் ஒவ்வொரு துளை போட்டால் அழுத்தும்போது காற்று வெளியேறும். பிறகு சரியான அளவு கூரியர் கவரில் நுழைத்து, முழங்கையால் அழுத்திக்கொண்டே ஒட்டவேண்டும். மிச்சமிருக்கும் மூலைகளை மடக்கி டேப் போட்டால் முடிந்தது.

சிங்கிள் பெட்ஷீட் விற்கிறவர்களுக்கு வேறு தலைவலி. துணி 475 கிராம், உள் கவர், வெளிக் கவர், பில், லேபிள் எல்லாம் சேர்ந்து 20 கிராம், மொத்தம் 495. கோடையில் தப்பித்துவிடும். ஐப்பசி மழையில் அதே சரக்கு 500-ஐத் தாண்டும். பருத்தி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஈரம் ஒரு சதவீதம் கூடினாலே இங்கே ஐந்து கிராம் போச்சு. 500-க்கு 15, 20 கிராமாவது கீழே இருக்கும்படி சரக்கை எடுக்கவேண்டும். முடியாவிட்டால் ஒரு கிலோ படிக்கான செலவையே விலையில் போட்டுவிடுங்கள். விளிம்பில் நின்றுகொண்டு மாதாமாதம் சண்டை போடுவது வீண்.

இவ்வளவும் செய்த பிறகும் எடை தப்பாக வந்தால் தாராளமாகச் சண்டை போடலாம். அதற்குப் போட்டோ வேண்டும், அந்தப் போட்டோவைப் பேக்கிங் மேசையிலேயே எடுத்திருக்கவேண்டும். லேபிள் ஒட்டிய பார்சல் தராசின்மேல், எண்ணும் பார்கோடும் ஒரே படத்தில். பிறகு நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் நாடாவோடு ஒவ்வொரு படம். எல்லாப் பார்சலுக்கும் இதைச் செய்ய நேரம் இருக்காது. ஒரு ரகத்துக்கு ஒரு தொகுப்பு, தினமும் மாதிரிக்கு நாலைந்து பார்சல் போதும். தகராறு எழுப்ப சில நாள்தான் அவகாசம் கிடைக்கும், அது விற்பனைத் தளத்துக்குத் தளம் மாறும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளை இதற்கென்று ஒதுக்காதவர்கள் எல்லோரும் காசை விட்டவர்கள்தான். இன்னொன்று: பொருளைப் பதிவேற்றும்போது பேக்கிங் அளவு என்ற கட்டத்தில் 90 × 100 அங்குலம் என்று விரிப்பின் அளவையே போட்டவர்கள் உண்டு. அதைத் திருத்தாமல் எத்தனை டிக்கெட் போட்டாலும் வேலைக்காகாது.

லேபிளில் சொல்ல இரண்டே விஷயம். தெர்மல் லேபிளின்மேல் செலோ டேப் ஒட்டாதீர்கள். பளபளப்பில் ஸ்கேனர் திணறும், நாளாக ஆக அச்சும் வெளுக்கும். பிக்கப் பையன் அவசரத்தில் மூட்டையாக அள்ளிக்கொண்டு "ஹப்புல ஸ்கேன் பண்ணிக்கிறேண்ணா" என்றால் விடாதீர்கள். அங்கே ஒன்று குறைந்தால் நீங்கள் கொடுக்கவே இல்லை என்று ஆகும், தாமதத்துக்கு அபராதமும் சேர்ந்து வரும். நேரமே இல்லை என்றால் மேனிஃபெஸ்டில் (அன்றைக்குக் கொடுக்கும் பார்சல்களின் பட்டியல்) எண்ணிக்கையை எழுத்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ரிட்டர்ன். விற்றதைவிட இதற்குத்தான் அதிகக் கவனம் தேவை.

திரும்பி வருவதில் இரண்டு ரகம். வாங்கினவர் பிரித்துப் பார்த்து அனுப்புவது ஒன்று. வாங்கவே மறுத்து, அல்லது ஆளில்லை என்று, அப்படியே திரும்புவது மற்றது. இரண்டாவதை ஆர்.டி.ஓ. என்பார்கள். (வீட்டில் பெரியவர்கள் கேட்டால் லைசென்ஸ் பிரச்சினையோ என்று பதறுவார்கள்.) ஆர்.டி.ஓ.வில் சரக்கு பெரும்பாலும் பிரிக்கப்படாமல் வரும், கவர்தான் கிழிந்திருக்கும். முதல் ரகத்தில் எதுவும் வரலாம்: மஞ்சள் கறையோடு, எண்ணெய் வாசனையோடு, நம்முடையதே இல்லாத பழைய விரிப்பு, தலையணை உறை ஒன்று குறைவாக.

டெலிவரி ஆள் பன்னிரண்டு ரிட்டர்னை வாசலில் கொட்டிவிட்டு ஓடிபி கேட்பார். ஓடிபி சொன்ன நிமிடம், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டதாகக் கணக்கு. முதலில் எண்ணுங்கள். ஆப்பில் இருக்கும் எண்ணோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். கிழிந்தது, மறுபடி ஒட்டினது தெரிந்தால் அவர் நிற்கும்போதே போட்டோ எடுத்து, ரசீதிலோ ஆப்பிலோ அதைப் பதியச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், தினமும் வருகிற ஆள், ஒரு டீ சொல்லிவிட்டு எண்ணலாம்.

ரிட்டர்ன் பார்சலைப் பிரிக்கும் வீடியோவில்தான், தளத்திடம் நஷ்டஈடு கேட்கும் பல க்ளெய்ம்கள் தோற்கின்றன. ஒரே ஷாட்டாக, நிறுத்தாமல், வெட்டாமல் எடுக்கவேண்டும். முதலில் பார்கோடு எண் தெளிவாகத் தெரியவேண்டும். அடுத்து ஆறு பக்கமும். அடுத்து தராசு. போகும்போது 1,150 கிராம் இருந்த பார்சல் வரும்போது 700 என்றால் பிரிப்பதற்கு முன்னாலேயே பாதி வழக்கு ஜெயித்தாயிற்று. பழைய ஒட்டு இருக்கும் பக்கத்தை வெட்டாமல் எதிர்ப் பக்கம் வெட்டுங்கள். அந்த ஒட்டும் ஆதாரம்தான். பிறகு துணியை முழுக்க விரித்து நாலு ஓரத்தையும் காட்டுங்கள். பார்சல் கேமராவை விட்டு ஒரு நொடி விலகினாலும் "வீடியோ தெளிவாக இல்லை" என்று பதில் வரும்.

இது நம் பொருள்தானா என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்கவேண்டும். ஓரத் தையலில் ஒரு மூலையில் இரண்டு அங்குலத்துக்கு வேறு நிற நூல் ஓட்டிவிட்டால் வாங்குபவர் கண்ணுக்கு உறுத்தாது, ஆள்மாறாட்டம் செய்த விரிப்பு மாட்டிக்கொள்ளும். பொருளின் படங்களில் ஒன்றிலேயே அந்த மூலை தெரியும்படி வைத்தால் தளத்திடம் காட்ட வசதி. கூடவே, மடிப்பைத் திறக்கும் இடத்தில் லூப் டேக் (அறுத்தால்தான் கழற்ற முடியும்) மாட்டி, "டேக் அறுந்தால் ரிட்டர்ன் இல்லை" என்று அச்சிட்டு வைக்கலாம். தளங்கள் இதை எப்போதும் ஏற்பதில்லை. ஆனால் ஒரு கல்யாணத்துக்கு விரித்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம் என்று நினைக்கிறவர் கொஞ்சம் யோசிப்பார்.

ரிட்டர்னைக் குறைக்க நினைத்தால் விளக்கத்தில் அளவை அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் எழுதுங்கள். முதல் துவைப்பில் பருத்தி சுருங்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'கிங் சைஸ்' என்ற சொல்லை மட்டும் நம்பினால், அவரவர் வீட்டுக் கட்டில்தான் அவரவர் கிங் சைஸ். நிறத்துக்கு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு சாதாரணப் படத்தைக் கடைசியில் சேருங்கள். ஸ்டுடியோ விளக்கில் மெரூன் சிவப்பாகிவிடும்.

சொந்தமாக இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ விற்றால் சிஓடி-க்கு (பொருள் கைக்கு வந்ததும் பணம்) நூறு ரூபாயாவது முன்பணம் வாங்குங்கள். கூரியர்காரர் வரும்போது போனை எடுக்காதவர்கள் பாதிப்பேர் முன்பணம் என்றதுமே விலகிவிடுவார்கள். விலாசத்தில் "பிள்ளையார் கோயில் எதிரில்" மட்டும் இருந்தால் எந்த ஊர்ப் பிள்ளையார் என்று கேட்டு, கதவு எண்ணும் பின்கோடும் வாங்குங்கள். பணம் வந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். இன்னொரு வகை ஆபத்து அதிகம் பேசப்படுவதில்லை: மோசடிப் பணத்தில் ஒருவர் உங்களிடம் பொருள் வாங்கியிருந்தால், சைபர் புகாரின் பேரில் உங்கள் கணக்கில் அந்தத் தொகை முடக்கப்படலாம். பில், உரையாடல், டெலிவரி ஆதாரம் மூன்றும் ஆர்டர்வாரியாக இருந்தால் வங்கியிலும் காவல் நிலையத்திலும் பேச வழி இருக்கும். குடும்பச் செலவுக் கணக்கிலேயே வியாபாரப் பணத்தையும் வாங்குகிறவர்களுக்கு அன்றைக்குப் பால் வாங்கக்கூடக் காசு எடுக்க முடியாது.

கடைசியாகக் கணக்கு. ₹899-க்கு ஒரு பெட்ஷீட். 22 செப்டம்பர் 2025 முதல் பெட்ஷீட் போன்றவற்றுக்கு ₹2,500 வரை 5%, அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. அதற்கு முன் ₹1,000-தான் எல்லை, மேலே 12%. பழைய லிஸ்டிங்குகளில் அந்த 12% குறியீடு அப்படியே கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். 899-ஐ 1.05-ஆல் வகுத்தால் சரக்கு மதிப்பு ₹856.19, வரி ₹42.81. அந்த 856.19-ல் தளம் அரைச் சதவீதம் டிசிஎஸ் (உங்கள் பேரில் தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டி) பிடிக்கும்: ₹4.28. (ஜூலை 2024 வரை ஒரு சதவீதம்.) வருமான வரி டிடிஎஸ் 0.1%, ஒரு ரூபாய்க்கும் கீழ். இதெல்லாம் போக கமிஷன், கூரியர், அவற்றின்மேல் 18% ஜிஎஸ்டி.

குழப்பம் எங்கே என்றால், தளம் தரும் செட்டில்மென்ட் ரிப்போர்ட் பணம் வந்த தேதியைப் பார்க்கும், வரி ரிப்போர்ட் பில் போட்ட தேதியைப் பார்க்கும். 29-ஆம் தேதி போன பார்சல் அடுத்த மாதம் 8-ஆம் தேதி திரும்பி வந்தால், விற்பனை ஒரு மாதத்தில், அதைக் கழிக்கும் கிரெடிட் நோட் இன்னொரு மாதத்தில். வங்கியில் விழுந்த தொகையை வைத்து ஜிஎஸ்டிஆர்-1 (உங்கள் விற்பனைக் கணக்கு) போட்டால், தளம் டிசிஎஸ்-க்காகத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-8-ல் காட்டியதோடு ஒருபோதும் ஒத்துப்போகாது, நோட்டீஸ் வரலாம். வரி ரிப்போர்ட்டை வைத்துத்தான் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டும். செட்டில்மென்ட்டை ஆர்டர் எண் வைத்து எக்ஸெலில் தனியாகச் சேர்த்துப் பாருங்கள். பணமே வராத ஆர்டர், திரும்பி வராத ரிட்டர்ன் இரண்டும் அங்கேதான் மாட்டும்.

பிடித்த டிசிஎஸ் தானாக வந்துவிடும் என்று பலர் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி தளத்தில் ரிட்டர்ன்ஸ் பகுதிக்குள் டிடிஎஸ், டிசிஎஸ் வரவு என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே போய் ஒவ்வொரு தளத்தின் தொகையையும் சரிபார்த்து, ஏற்றுக்கொண்டு, தாக்கல் செய்தால்தான் அது உங்கள் ரொக்க லெட்ஜருக்கு (ஜிஎஸ்டி கட்ட எடுக்கும் இருப்புக் கணக்கு) வரும். கமிஷன்மேல் போன 18% உங்கள் வரியில் கழியவேண்டுமானால் தளத்தின் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கவேண்டும், ஜிஎஸ்டிஆர்-2பி என்ற உள்வரவு வரிப் பட்டியலில் அது தெரியவேண்டும். இரண்டுக்கும் மாதத்தில் அரை மணி நேரம். ஆடிட்டரிடம் கொடுத்திருந்தாலும் "டிசிஎஸ் அக்செப்ட் பண்ணியாச்சா சார்?" என்று கேட்டுவிடுங்கள். பழைய மாதங்களைத் திறந்து பார்த்தால் அங்கே ஏற்கப்படாமல் ஒரு தொகை உட்கார்ந்திருக்க வாய்ப்பு நிறைய.