படுவான்கரையிலிருந்து சமூகவியல்: ஐந்தரை வருசமும் அதற்குப் பிறகும்

கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைத்த செய்தி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் எங்கள் ஒழுங்கை முழுக்கப் பரவிய கிழமை, "மகள் என்ன படிக்கப் போறாள்?" என்று கேட்ட எல்லோருக்கும் அம்மா சொன்ன பதில் "சமூகசேவை." அப்பா சமூகக்கல்வி என்று நினைத்திருந்தார், அது அவர் காலத்துப் பாடம். நான் இருவரையும் திருத்தவில்லை. திருத்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. ஏ.எல்.இல் (உயர்தரப் பரீட்சையில்) நான் எடுத்தவை தமிழ், அரசியல் விஞ்ஞானம், இந்து நாகரிகம். சமூகவியல் என்று ஒரு பாடம் ஏ.எல்.இல் கிடையவே கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு இரண்டு பக்கம் உண்டு. முதல் நாள் வகுப்பில் எல்லோரும் பூச்சியத்திலிருந்துதான் தொடங்குகிறோம். ரியூசனில் கரைத்துக் குடித்து வந்தவர் என்று யாரும் இல்லை, அது நல்ல பக்கம். மற்றப் பக்கம் பட்டம் கையில் வந்த பிறகுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் இல்லாத பாடத்துக்கு ஆசிரியர் வெற்றிடமும் இல்லை. தமிழ், புவியியல் சிறப்புப் பட்டம் செய்த என் கூட்டாளிகளுக்கு இருந்த அந்தக் கதவு எனக்கு இருக்கவில்லை. இரண்டாம் வருடத்தில் சிறப்புப் பாடம் தெரிவு செய்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2014இல் பரீட்சை எழுதினேன், 2016 தொடக்கத்தில் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பல்கலைக்கழகங்களுக்குக் கலைப்பிரிவில் எடுப்பதில் 40 வீதம் முழுத் தீவுக்குமான திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஒரு கொழும்புப் பிள்ளை பிறகொரு கருத்தரங்கில் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லிக் காட்டினாள். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது, அதுவரை ஆற்றைப் பாதையில் கடந்துதான் பரீட்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனோம் என்று சொன்னேன். "பாதையில் போவதில் என்ன கஷ்டம்?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் பாதை என்றால் மிதக்கும் தட்டு என்பது அவளுக்குத் தெரியாது. விளங்கப்படுத்தவில்லை.

முதலாம் வருடம் பகிடிவதை, ஆங்கில வகுப்பு, மகாபொல உதவித்தொகை 5000 ரூபாய் எப்போது வரும் என்ற விசாரணை, இவற்றோடு போய்விட்டது. சமூகவியலை மூன்றாவது பாடமாக எடுத்த காரணம் வெட்கக்கேடானது. "இலேசான பாடம், கதை எழுதினாலே பாஸ்" என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். முதல் அரையாண்டில் எனக்கு வந்தது சி. கதைதான் எழுதியிருந்தேன்.

பிடித்துப்போனது பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைமில்தான். 1897இல் அவர் வெளியிட்ட தற்கொலை பற்றிய ஆய்வை விரிவுரையாளர் இரண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். ஒரு மனிதர் தனியாக எடுத்த முடிவு என்று ஊரே நம்புகிற ஒன்றை, எண்ணிக்கையாக அடுக்கிப் பார்த்தால் மதம், குடும்பம், சமூகப் பிணைப்பு எல்லாம் அதற்குள் தெரிகிறது என்பதுதான் அவருடைய வாதம். பஸ்ஸில் ஏறாவூர், காத்தான்குடி தாண்டி வீட்டுக்கு வரும்வரை எங்கள் ஒழுங்கையில் கடன் தாங்காமல் செத்துப்போன மாமி ஒருவரையே நினைத்துக்கொண்டு வந்தேன். "அவக்கு மனசு சரியில்ல" என்றுதான் எல்லோரும் முடித்திருந்தார்கள். அவவின் வீட்டுப் படலையில் கடன் வசூலிக்கக் கிழமைக்கு எத்தனை மோட்டார் சைக்கிள் வந்து நின்றதென்று யாரும் எண்ணவில்லை.

இன்னொன்று குடி, அதாவது தாய்வழி வம்சப் பிரிவு. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வருடக்கணக்காகத் தங்கி, நம் பக்கத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகக் குடி எண்ணுவதையும், வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதையும் ஆராய்ந்து 2008இல் தடித்த நூலாகவே வெளியிட்டிருக்கிறார். எங்கள் பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, அதைப் பற்றிச் சொன்னேன். "நாம ஆர் குடியெண்டு வெள்ளக்காரனிட்டப் படிக்கிறதுக்கா புள்ள கம்பஸ் போனீ?" என்று கேட்டா. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்று சண்டை பிடிக்கத் தெரிந்த எனக்கு, அந்த ஒழுங்கு ஒரு சமூகத்தின் அதிகாரக் கணக்கு என்பது அதுவரை தெரியாது.

சமூகவியல் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகி, நாலு வருடத்தில் முடிய வேண்டியது ஐந்தரை வருடம் இழுத்தது. 2018இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம், 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்பு, 2020 மார்ச்சில் கொரோனா. இந்தப் பிந்தலின் விலை பிறகுதான் விளங்கியது. 2020இல் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பட்டதாரிகளை 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பயிலுனராக அரசு எடுத்தபோது, எங்கள் பட்ச் (கூடப் படித்த வருடத்தார்) இன்னும் பட்டம் பெறவில்லை. 2017இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நாள்கணக்காகக் குந்தியிருந்ததை பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு போனவள் நான். "பாவங்கள்" என்று நினைத்தது ஞாபகம். நமக்கும் அது வரும் என்று தோன்றவேயில்லை.

இனி ஆய்வு. சமூகவியல் படிப்பில் உண்மையாகப் படிப்பது இறுதி வருட ஆய்வில்தான் என்று இப்போது அடித்துச் சொல்வேன். என் தலைப்பு படுவான்கரைப் பெண்களும் நுண்கடனும், அதாவது கம்பனிகள் கொடுத்துக் கிழமைக்குக் கிழமை வசூலிக்கிற சிறு கடன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்டத் தவறிய ஒரு இலட்சத்துக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்திருந்தது. அதற்குப் பிறகும் மோட்டார் சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன. ஏன் என்று தெரிய வேண்டியிருந்தது.

2020 தையில் வினாக்கொத்தோடு இறங்கினேன். (இந்தியாவில் வந்த புத்தகங்களில் இதை வினாநிரல் என்கிறார்கள். இரண்டு சொல்லையும் மாறிமாறி எழுதி மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினேன்.) ஆறாவது கேள்வி: "தற்போது எத்தனை கடன் பெற்றுள்ளீர்கள்?" முதல் பதினொரு வீட்டிலும் பதில் ஒன்று. ஒன்றே ஒன்று. சந்தோசமாகக் குறித்துக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டாவது வீட்டில் மழை பிடித்துக்கொண்டது. கடதாசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தேன். அந்த அக்கா தன்பாட்டில் சொன்னா: "நாளைக்குச் செவ்வாய். செவ்வாய்க்காரனுக்கு இன்னும் காசு சேரல்ல." செவ்வாய்க்காரன் யாரென்று கேட்டேன். செவ்வாய் ஒரு கொம்பனி, வியாழன் இன்னொன்று, வெள்ளி இரண்டு. கம்பனிகளின் பெயர் அவவுக்கு ஞாபகமில்லை, நாள்தான் பெயர். நாலு கடன். வினாக்கொத்தில் "ஒன்று" என்று நான் எழுதி அரை மணித்தியாலம் ஆகவில்லை.

ஏன் பொய் சொன்னா என்று கேட்டால், அது பொய்யே இல்லை. ஐந்து பேர் குழுவாக ஒருவருக்கொருவர் பிணை நிற்கிற கடன் இது. நான் கேள்வி கேட்டபோது அவவின் குழுத் தலைவி பக்கத்து வேலியில் நின்றுகொண்டிருந்தா. ஒருத்திக்கு நாலு கடன் என்று தெரிந்தால் மற்ற நாலு பேரும் அடுத்த முறை பிணை நிற்கமாட்டார்கள். கிணற்றடியில் வாங்கிய கைமாற்று, நகை அடைவு, இவற்றை அவர்கள் கடன் என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பதினொரு வீட்டுக்கும் திரும்பப் போனேன். கேள்வியை மாற்றினேன்: "கிழமையில எந்தெந்த நாள் காசு கட்டுறீங்க அக்கா?" யாருக்கும் கூச்சமில்லாமல் பதில் வந்தது. இரண்டு நாள், மூன்று நாள். ஒரு பெரியம்மா விரலை மடக்கிக்கொண்டு வந்து, ஞாயிறு தவிர மிச்சம் எல்லாம் என்றா. ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட வேறொன்று. தள்ளுபடி ஒன்றைத் தொட்டால் மற்றது அப்படியே நிற்கும். எனக்கு வேண்டிய விடை அதற்குள் இருந்தது. மார்ச்சில் ஊரடங்கு வந்ததால் முப்பது பேர் என்று திட்டமிட்டது இருபத்திமூன்றோடு நின்றது. அதற்காகப் புள்ளி குறைத்தார்கள். பரவாயில்லை.

2021 நடுவில் வெளியே வந்தேன். எட்டு மாதம் வீட்டில். வேலை அறிவிப்புக்கு வர்த்தமானி (அரசிதழ்) பார்ப்பது, விண்ணப்பம் எழுதுவது, ஜி.எஸ்.இடம் (கிராம சேவகரிடம்) வதிவிடச் சான்றிதழ் எடுப்பது. 2022 பொருளாதார நெருக்கடி வந்ததும் அரசாங்க ஆட்சேர்ப்பு என்ற பேச்சே அடங்கியது. கடைசியில் அழைப்பு வந்தது ஒரு நிறுவனத்தின் கணக்கெடுப்புக்கு, நாளுக்கு 2000 ரூபாய். கையில் டெப் (டேப்லெட்), அதில் கோபோ என்ற கணக்கெடுப்புச் செயலி. கூட வந்த ஆறு பேரில் சமூகவியல்காரி நான் மட்டும்.

மூன்றாவது நாள் ஒரு சிக்கல். "குடும்பத் தலைவர் யார்?" என்ற கேள்விக்கு எல்லாப் பெண்களும் கணவரின் பெயரைச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கணவர் கட்டாரில் நாலு வருடம். வீடு மனைவியின் சீதனம். கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம், வயல் குத்தகை எல்லாம் மனைவி. ஆனால் கடதாசியில் தலைவர் கட்டாரில் இருக்கிறார். அதே ஒழுங்கையில் பேர்மிட் (அரச அனுமதிப்பத்திர) காணியில் இருந்தவர்களுக்கு நிலைமை தலைகீழ். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைகளை முன்னுக்கு வைத்தது, பெண்ணுக்கு வீடு கொடுக்கிற ஊரில். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். நான் அன்றிரவே எங்கள் கணக்கெடுப்புக் குழுத் தலைவருக்கு நீளமாக ஒரு குரல்பதிவு அனுப்பினேன், குடும்பத் தலைவர் யார் என்று கேட்காமல் "வீடு யார் பேரில், முடிவு எடுப்பது யார், காசு அனுப்புவது யார்" என்று மூன்றாகக் கேட்போம் என்று. அந்தக் கணக்கெடுப்பில் மாற்றவில்லை, காலம் போதாது என்றார்கள். அடுத்ததில் வினாக்கொத்துத் தயாரிக்கவே என்னைக் கூப்பிட்டார்கள். அதிலிருந்து ஒப்பந்த வேலை, இப்போது மூன்றாவது ஒப்பந்தம்.

என் பட்ச் எங்கே என்று கேட்பீர்கள். இரண்டு பேர் பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பக்கம். ஒருத்தி போட்டிப் பரீட்சை எழுதி நன்னடத்தை உத்தியோகத்தராக இருக்கிறாள். எங்கள் பாடத்துக்கு மிகப் பொருத்தமான வேலை அதுதான் என்பது என் எண்ணம், மனதைக் கசக்கும் வேலையும் அதுதான். ஒருவன் உளவளத்துணையில் டிப்ளோமா செய்து திசை மாறினான். ஒருவன் வங்கியில். மூன்று பேர் வெளிநாடு, அதில் ஒருவர் மட்டும் படிக்க. நிர்வாக சேவைப் பரீட்சை நான் ஒருமுறை எழுதினேன், தேறவில்லை. திறந்த போட்டிக்கான வயதெல்லையைத் தாண்டிவிட்டதால் அந்தப் பக்கம் எனக்கு மூடிவிட்டது.

நிறுவன வேலையில் நிம்மதி இல்லை என்பதையும் மறைக்கமாட்டேன். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, எனக்கு அடுத்த மேசையில் இருந்த தங்கச்சி ஒரு கிழமைக்குள் சாமான் கட்டினாள். என் திட்டத்துக்குக் காசு வேறிடத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். படிக்கிறவர்கள் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருளையும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் மூன்றாம் வருடத்திலேயே பழகுங்கள். நான் இரண்டையும் வேலையில் சேர்ந்த பிறகு, இரவில், அழுதழுது பழகினேன். சிங்களமும் தெரிந்தால் அரைவாசி நேர்முகம் முடிந்தமாதிரி. எனக்கு இன்னும் பஸ்ஸில் இறங்குமளவுக்குத்தான் வரும்.

போன மாதம் களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாணவீடு. மச்சாள் ஒருத்தி மகளை இந்தப் பாடத்துக்கு விடலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தா. அம்மா இப்போது சமூகசேவை என்று சொல்வதில்லை. "அவள் ஊரூராப் போய் ஆக்களிட்டக் கதை கேக்கிறவள் மச்சாள். ஒரே கேள்வியத்தான் மாத்தி மாத்திக் கேப்பாள்" என்றா. பிறகு என் பக்கம் திரும்பி, சத்தத்தைக் குறைத்து, இந்த ஒப்பந்தம் எப்போது முடியுதென்று கேட்டா.