ஒரே கவுண்டியை வைத்து இங்கிலாந்தின் தேர்தல் அரசியலைப் படிக்கலாம்

குடிமைப் பணிகள் முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டாம் தாளின் உலக வரலாற்றுப் பகுதியில், 1815 முதல் 1850 வரையிலான பிரிட்டிஷ் ஜனநாயக அரசியல் என்றொரு தலைப்பு இருக்கிறது. பாடத்திட்டத்தில் அதற்கு ஓரிரு வரிதான்: நாடாளுமன்றச் சீர்திருத்தவாதிகள், தடையற்ற வணிகம் வேண்டியவர்கள், தொழிலாளருக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்டுகள். பெரும்பாலோர் 1832, 1838, 1846 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்து, சட்டங்களை வரிசையாக எழுதிவிட்டு வருகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. நாட்டிங்காம்ஷயர் என்ற ஒரே கவுண்டியை (நம் மாவட்டம் போன்ற பகுதி) எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு குத்தகை விவசாயியின் கையில் வாக்கு எப்படி வந்தது, அதை யார் கேட்டார்கள், அவர் அதை எங்கே நின்று சொன்னார், சொன்ன பிறகு என்ன ஆனது என்று தேடிப் போனேன். அந்த வரியின் மூன்று பெயர்களும் அந்த ஒரு கவுண்டிக்குள்ளேயே கிடைத்துவிட்டன.

1832க்கு முந்தைய நிலையில் நெடுநேரம் செலவிட வேண்டாம். விரல்விட்டு எண்ணும் வாக்காளர்களோடு உறுப்பினர்களை அனுப்பிய ஓல்டு சாரத்தையும் கடல் கொண்டுபோன டன்விச்சையும் எல்லோரும் எழுதுவார்கள். ஒரு வாக்கியம் போதும். கிராமப்புறத்தைப் புரிந்துகொள்ளக் கவுண்டித் தொகுதிதான் முக்கியம். 1430 முதல் அங்கே ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள சொந்த நிலம் உடையவருக்கே வாக்கு. தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். போட்டி என்று வந்துவிட்டால் செலவு தாங்காது என்பதால், பெரிய குடும்பங்கள் ஆளுக்கொரு இடம் என்று பேசி முடித்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. யார்க்‌ஷயரில் 1807இல், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்காத வாக்குப்பதிவு நடந்தது. அந்தப் பெரிய கவுண்டியின் வாக்காளர்கள் அத்தனை பேரும் யார்க் நகருக்கே வந்தாக வேண்டும். பதினைந்து நாள் வாக்குப்பதிவு. வண்டி, தங்குமிடம், சாப்பாடு, மது எல்லாம் வேட்பாளர் கணக்கு. மில்டன் பிரபுவும் ஹென்றி லாசெல்ஸும் தலைக்கு ஏறத்தாழ 1,00,000 பவுண்டு செலவழித்ததாகச் சொல்வார்கள். போட்டியே இல்லாத தேர்தல்கள் ஏன் அத்தனை நடந்தன என்பதற்கு இந்த ஒரு தொகை விடை சொல்லிவிடும்.

இனி நாட்டிங்காம்ஷயர். அங்கே கிளம்பர் பண்ணையின் உரிமையாளர் நான்காம் நியூகாஸில் டியூக். நியூவார்க் என்ற சந்தை நகரில் அவருக்கு ஏராளமான வீடுகளும் நிலங்களும் இருந்தன. 1829 இடைத்தேர்தலில் அவர் நிறுத்திய வேட்பாளருக்கு எதிராக வாக்களித்த குடியிருப்பாளர்களுக்கு, இடத்தைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்புப் போனது. கண்டனம் எழுந்தபோது, என் சொத்தை என் விருப்பப்படி நான் செய்யக் கூடாதா என்று கேட்டார் டியூக். இந்தக் கேள்வியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பார்வையில் வீடும் வாக்கும் ஒரே சொத்தின் இரண்டு பகுதிகள். இரண்டாண்டு கழித்து, 1831 அக்டோபரில், சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபை நிராகரித்த செய்தி வந்ததும் நாட்டிங்காம் நகரில் கலவரம் மூண்டு, டியூக்குக்குச் சொந்தமான கோட்டை எரிக்கப்பட்டது. சீர்திருத்தக் கிளர்ச்சிக்கு இதைவிடக் கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு நிறைவேறிய 1832 சீர்திருத்தச் சட்டம் டியூக்குகளின் பிடியை உடைத்ததா? இங்கேதான் பல விடைகள் தடுமாறுகின்றன. நகரத் தொகுதியில் 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டுக்கு வாக்கு வந்தது. இது எல்லோருக்கும் தெரியும். கவுண்டியில் சாண்டோஸ் பிரபு கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஆண்டுக்கு 50 பவுண்டு குத்தகை கட்டும் விவசாயிக்கும் வாக்கு வந்தது. இந்த விவசாயிக்கு நீண்ட காலக் குத்தகை ஒப்பந்தம் கிடையாது. நிலக்கிழார் விரும்பும் வரை உழலாம்; வேண்டாம் என்றால் வெளியேற வேண்டும். சீர்திருத்தத்தைக் கொண்டுவந்த விக் கட்சி அரசு இதை விரும்பவில்லை. வாக்குரிமை விரிந்தால் நல்லது என்று தீவிரச் சீர்திருத்தவாதிகள் சிலரும், குத்தகைதாரர் வாக்கு தம் பக்கம் விழும் என்று எதிர்க்கட்சியான டோரி நிலக்கிழார்களும் சேர்ந்து ஆதரித்ததால் அது நிறைவேறியது. வாக்காளர் எண்ணிக்கையும் நிலக்கிழாரின் பிடியும் ஒரே பிரிவால் கூடின என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதிவிட்டால், உங்கள் விடை மற்ற விடைகளிலிருந்து தனித்து நிற்கும். சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது: புதிய சட்டத்தின் கீழ் 1832 டிசம்பரில் நியூவார்க்கில் வென்றவர், டியூக்கின் ஆதரவோடு நின்ற, பிற்காலத்தில் பிரதமரான இளைஞர் கிளாட்ஸ்டன்.

இந்தச் சட்டத்தில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி, யாரும் அதிகம் எழுதாத வாக்காளர் பதிவு. ஒவ்வொரு ஊரிலும் ஏழைகள் நிவாரணத்தைக் கவனிக்கும் கண்காணிப்பாளர் ஆண்டுதோறும் பட்டியல் தயாரிப்பார். அது தேவாலயக் கதவில் ஒட்டப்படும். பதிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். யார் பெயருக்கும் யாரும் ஆட்சேபம் எழுப்பலாம். வழக்கறிஞர் ஒருவர் வந்து அமர்ந்து விசாரித்து முடிவு சொல்வார். உள்ளூர் வழக்கறிஞர்கள் கட்சி முகவர்களாகி, தம் ஆட்களைச் சேர்ப்பதும் எதிராளியின் ஆட்களை நீக்குவதுமாக ஆண்டு முழுவதும் வேலை செய்தார்கள். பதிவு செய்யுங்கள் என்று டோரிகளின் தலைவர் பீல் தம் கட்சியினரைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதன் பொருள் இதுதான். லண்டனில் 1832இல் கார்ல்டன் கிளப்பும் 1836இல் ரிஃபார்ம் கிளப்பும் தோன்றியதைத் தனிச் செய்தியாகப் படிக்காதீர்கள். தேவாலயக் கதவில் ஒட்டிய காகிதத்தோடு சேர்த்துப் படியுங்கள். கட்சி கிராமத்துக்குள் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது அந்தக் காகிதத்தின் வழியாகத்தான்.

வாக்குச் சேகரிப்புக்கும் எழுதாத விதிகள் இருந்தன. ஒரு பண்ணையின் குத்தகைதாரர்களைப் பார்க்கப் போகும் வேட்பாளர், முதலில் பண்ணை உரிமையாளரிடம் அனுமதி கேட்பது மரியாதை. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள் என்பதால், ஒன்றை நிலக்கிழாருக்குக் கொடுத்துவிட்டு மற்றதைத் தன் விருப்பப்படி போடுவது பல இடங்களில் ஏற்கப்பட்ட சமரசம். தன் ஆளுக்கு மட்டும் ஒரு வாக்கைப் போட்டு, மற்றதைப் போடாமலே விடுவதும் உண்டு. கட்சி நிறங்கள் நாடு முழுவதும் ஒன்றல்ல: பல ஊர்களில் நீலம் டோரிகளுடையது, வெஸ்ட்மோர்லாந்தில் லோதர் குடும்பத்தின் டோரிகள் மஞ்சள் அணிந்தார்கள். வாக்கில்லாதவர்களும் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குப் பிடிக்காதபடி வாக்களித்த கடைக்காரரிடம் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். 1832 சட்டம் வாக்குரிமையை வெளிப்படையாகவே ஆண்களுக்கு என்று எழுதிவைத்தது. ஆனாலும் கடைத்தெருவில் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்த கைகளில் பெண்களின் கைகளும் இருந்தன.

வேட்புமனு நாளில் மரமேடையில் வேட்பாளர்கள் பேசுவார்கள். வாக்கு உள்ளவர், இல்லாதவர் என்று கூடியிருக்கும் எல்லோரும் கைதூக்குவார்கள். அதில் தோற்றவர் முறையான வாக்குப்பதிவு கேட்கலாம். அப்போது வாக்காளர் ஒவ்வொருவராக வந்து, தம் பெயரையும் தாம் ஆதரிக்கும் வேட்பாளர் பெயரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுத்தர் குறித்துக்கொள்வார். பின்னர் உள்ளூர் அச்சகத்தார் அந்தக் குறிப்புகளை நூலாகவே அச்சிட்டு விற்றார்கள்.

அப்படிப்பட்ட வாக்குப் பதிவு நூல்கள் பல இன்று மின்படிகளாகக் கிடைக்கின்றன. தேர்வுக்குப் படிக்கிறவர் ஒரு பக்கத்தையாவது கண்ணால் பார்க்க வேண்டும். ஊர் வாரியாகப் பெயர்கள். பெயருக்கு எதிரே வசிக்கும் இடம், நிலம் இருக்கும் இடம். அதற்கப்பால் வேட்பாளருக்கு ஒன்றாகக் குறுகிய பத்திகள். வாக்கு விழுந்த பத்தியில் ஒரு சிறு கோடு. ஓர் ஊர் முழுவதும் கோடுகள் ஒரே பத்தியில் நேராக இறங்கிக்கொண்டே வரும். நடுவில் ஒருவருடைய கோடு மட்டும் பக்கத்துப் பத்தியில் நிற்கும். அவர் பெயர் அச்சில் இருக்கிறது. பண்ணை முகவர் மேசையிலும் அந்த நூல் இருந்திருக்கும். அந்த விலகிய கோட்டைப் பார்த்தபோது எனக்கு அந்த மனிதர் மேல் பெரும் மதிப்பு உண்டாயிற்று. சார்ட்டிஸ்டுகள் 1838இல் வைத்த ஆறு கோரிக்கைகளில் இரகசிய வாக்கெடுப்பு ஏன் ஒன்று என்பதை அதன் பிறகு நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் அச்சம் என்று எழுதிவிடாதீர்கள். நேராக இறங்கும் கோடுகளுக்குப் பின்னால் மிரட்டல் மட்டுமா, அல்லது நிலக்கிழாருக்கும் குத்தகைதாரருக்கும் பொதுவான நலனும் பழகிய மரியாதையுமா என்பது வரலாற்றாசிரியர்களிடையே நீடிக்கும் விவாதம். 1846 இதற்கு அருமையான சோதனை. பிரதமராக இருந்த பீல், இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்து உள்நாட்டு விலையைக் காத்த தானியச் சட்டங்களை நீக்க முனைந்தார். டியூக்கின் மூத்த மகன் லிங்கன் பிரபு பீலின் பக்கம் நின்றார். அமைச்சுப் பொறுப்பு ஏற்றவர் மீண்டும் தேர்தலில் நிற்க வேண்டும் என்பது அக்கால விதி. பிப்ரவரியில் தெற்கு நாட்டிங்காம்ஷயரில் நின்ற லிங்கன், தந்தையே எதிர்த்துப் பிரசாரம் செய்யத் தோற்றார். டியூக் சொன்னதால் விவசாயிகள் எதிர்த்தார்களா? தானிய விலை விழுந்தால் குத்தகை கட்ட முடியாது என்ற கவலை அவர்களுக்கே இருந்தது. என் கணிப்பில் இரண்டாவதன் பங்குதான் பெரிது. அதே நெருக்கடியில் பீலின் அமைச்சரவையில் சேர்ந்த கிளாட்ஸ்டனும் நியூவார்க்கை விட்டு விலக நேர்ந்தது.

பாடத்திட்டம் 1850இல் நின்றாலும், இரகசிய வாக்கெடுப்பு வரை ஒரு பத்தி படித்துவிடுங்கள். வாக்கு என்பது வாக்கில்லாத அயலாருக்காகவும் ஒருவர் பொறுப்பேற்று வைத்திருக்கும் உரிமை, எனவே அதை எல்லோர் முன்னும் செலுத்த வேண்டும் என்ற வாதம் அன்று வலுவானது. தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் இரகசிய வாக்கை எதிர்த்தார். நீண்ட காலம் எதிர்த்த கிளாட்ஸ்டனின் அரசே 1872இல் அதைச் சட்டமாக்கியது. செலவுக்கு வரம்பு வைத்த 1883 சட்டமும், கவுண்டிகளில் விவசாயக் கூலிகளுக்கு வாக்குரிமை அளித்த 1884 சட்டமும் அவர் ஆட்சியில் வந்தவை. 1885இல் கூலித் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜோசப் ஆர்ச், வடமேற்கு நார்ஃபோக்கிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்.

சந்தை நகரங்களின் லஞ்சத்தைப் பற்றிக் கேட்டால் சஃபோக்கின் சட்பரியை எழுதலாம். வட இந்தியாவில் சர்தானாவை ஆண்ட பேகம் சம்ரூவின் வாரிசான டைஸ் சோம்ப்ரே 1841இல் அங்கே வென்றார். லஞ்சம் நிரூபிக்கப்பட்டு 1842இல் தேர்தல் செல்லாததாக்கப்பட்டது. 1844இல் அந்த நகரம் தொகுதி உரிமையையே இழந்தது.

இரண்டாம் தாளின் ஐந்தாம் வினாவில் 10 மதிப்பெண்ணுக்கு 150 சொற்கள்தான். சீர்திருத்தவாதிகள் என்றால் 1829 நியூவார்க்கையும் 1831 கோட்டையையும் முதல் இரண்டு வரியில் வையுங்கள். தடையற்ற வணிகம் என்றால் லிங்கன் பிரபுவின் தோல்வியை வையுங்கள். சார்ட்டிஸ்டுகளுக்கும் கவுண்டி மாற வேண்டியதில்லை: நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே சார்ட்டிஸ்டுத் தலைவர் ஃபியர்கஸ் ஓ'கானர், 1847இல் நாட்டிங்காம் நகரத் தொகுதியில்தான் வென்றார். கவுண்டித் தொகுதியில் விவசாயிகள் லிங்கனைத் தோற்கடித்த மறு ஆண்டே நகரத் தொகுதி ஓ'கானரைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று 150 சொற்களில் எழுதிப் பாருங்கள்.