ட்யூபாவும் அரண்மனைப் பால்கனியும்: எழுதிவரும் இளையோர் நாவலின் இதுவரையான நிலவரம்

இளவரசன் ஒருவனும், பள்ளிப் பேண்டில் ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிக்கும் பையன் ஒருவனும் காதலிக்கிறார்கள். இருவருக்கும் வயது பதினேழு. இந்தக் கதையைப் படிப்பவர்கள் கண்ணைக் கசக்காமல், சிரித்த முகத்தோடு கடைசிப் பக்கம்வரை வர வேண்டும் என்பதே நான் எனக்கு வைத்துக்கொண்ட நிபந்தனை. வேலை முடிந்து மிஞ்சும் இரவு நேரங்களில் எழுதுவதால் வேகம் குறைவுதான் என்றாலும், நாவலின் முதல் பாதி ஒருவழியாக உருப்பெற்றுவிட்டது.

தொடங்கும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது இடம். இரண்டு பையன்களின் காதலைச் சட்டம் தண்டிக்கும் நாட்டில் கதையை வைத்தால், எவ்வளவு நகைச்சுவை தூவினாலும் அடியில் பயம் ஓடிக்கொண்டே இருக்கும். அது வேறு நாவல், வேறு ஒருவர் எழுத வேண்டியது. எனவே முடியாட்சியும் இருந்து, சட்டத் தடையும் நீங்கிய நாடுகளைப் பார்த்தேன். உலகிலேயே முதன்முதலாக ஒருபாலினத் திருமணத்தை 2001-இல் ஏற்ற நெதர்லாந்தில், அரியணைக்குரியவர் தன் பாலினத்தவரை மணந்தாலும் பட்டத்தைத் துறக்க வேண்டியதில்லை என்று 2021-இல் பிரதமர் மார்க் ருட்டே நாடாளுமன்றத்துக்கு எழுதினார். நார்வேயில் அத்தகைய திருமணம் 2009 முதல் சட்டபூர்வமானது. 2016-இல் அரண்மனைத் தோட்டத்தில் நடந்த விருந்தில், பெண்களை நேசிக்கும் பெண்களும் ஆண்களை நேசிக்கும் ஆண்களும் நார்வேக்காரர்களே என்று மன்னர் ஹரால்ட் தம் வாயாலேயே சொன்னார். அதற்குப் பிறகு நான் வேறு நாட்டைத் தேடவில்லை. ஊர் உண்மையான ஆஸ்லோ. அரச குடும்பம் முழுக்கக் கற்பனை. நிஜமான அரச குடும்பத்துப் பிள்ளைகளைக் காதல் கதைக்குள் இழுத்துவிடுவது எனக்கு அறவே பிடிக்காத வேலை.

இடம் முடிவானதும் வேறொரு சிக்கல் முளைத்தது. சட்டமும் தடுக்கவில்லை, மன்னரும் வாழ்த்துகிறார் என்றால், முந்நூறு பக்கத்துக்கு இவர்களைப் பிரித்துவைப்பது எது? எனக்குக் கிடைத்த விடை, அரண்மனையின் நேர அட்டவணை. பெரிய சட்டம் வழிவிட்ட பிறகும் சின்னச் சின்ன நடைமுறைகள் வழிமறிக்கும். இளமைக் காதலுக்கு வில்லனாக இருக்க அவையே தகுதியானவை என்று நினைக்கிறேன். நார்வே அரசியலமைப்பின் 36-ஆவது பிரிவின்படி, அரியணை உரிமை கொண்டவர் மன்னரின் ஒப்புதலின்றி மணம் செய்ய முடியாது; மீறினால் உரிமை போய்விடும். என் இளவரசன் எய்விந்த் ஒரு பையனோடு ஐஸ்கிரீம் தின்னப் போனதற்கே, அரண்மனைச் செயலாளர் அந்தப் பிரிவை எடுத்துவைத்து, தின்ற ஐஸ்கிரீம் ஒன்றா இரண்டா என்று குறிப்பெழுதத் தொடங்குகிறார். இந்தச் செயலாளர் நான் திட்டமிடாத பாத்திரம். ஒரு பக்கத்தில் வந்து போக வேண்டியவர், இப்போது எல்லா அத்தியாயத்திலும் கோப்போடு நிற்கிறார்.

அதிகம் உழைத்தது மே 17 அத்தியாயத்துக்குத்தான். 1814-இல் அரசியலமைப்பு கையொப்பமான நாள் அது. அன்று ஆஸ்லோவில் பட்டாளத்தின் அணிவகுப்பு கிடையாது. குழந்தைகளின் ஊர்வலம்தான் விழா. நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் தத்தம் பேண்டு வாத்தியத்தோடு கார்ல் யூஹான் வீதியில் ஏறி அரண்மனையைக் கடக்க, அரச குடும்பத்தார் பால்கனியில் மணிக்கணக்கில் நின்று கையசைப்பார்கள். ஒருவன் அசையாமல் மேலே நிற்கிறான். இன்னொருவன் நிற்காமல் கீழே நடக்கிறான். ஒருவரை ஒருவர் பார்க்கக் கிடைப்பது ஒரு பாட்டு முடியும் நேரம். காதல் கதைக்கு இதைவிட நல்ல மேடை அமையாது என்று உற்சாகமாக எழுத உட்கார்ந்தேன். ஆனால் மேலிருந்து பார்க்கும் ஒருவனின் கண்ணோடு காட்சியை நகர்த்தியபோது, ட்யூபாவின் அகன்ற வாய்தான் தெரிந்தது. வாசிப்பவன் முகம் தெரியவில்லை. வரிசையில் நாலு ட்யூபா போனால் எது தன்னவனுடையது என்று எய்விந்துக்கு எப்படித் தெரியும்? சிவப்பு, வெள்ளை, நீல ரிப்பனைக் கட்டலாம் என்றால், அன்றைக்கு ஊரே அதைத்தான் நெஞ்சில் குத்தியிருக்கும்.

கைகொடுத்தது ஒரு பெங்குவின். எடின்பரோ விலங்குக் காட்சிசாலையில் இருக்கும் நீல்ஸ் உலாவ் என்ற ராஜ பெங்குவின் நார்வே மன்னரின் மெய்க்காவல் படையின் சின்னம். 2008-இல் அதற்கு ‘நைட்’ என்ற வீரப் பட்டம் சூட்டினார்கள், 2023-இல் மேஜர் ஜெனரலாகவும் உயர்த்தினார்கள். நான் புனைந்தது போலத் தோன்றினாலும் இது நடந்ததுதான். ஆகவே என் யோனாஸ், ட்யூபாவின் விளிம்பில் ஒரு பொம்மைப் பெங்குவினைக் கட்டிக்கொண்டு வருகிறான். வரைவில் அந்த இடம் இப்போது இப்படி இருக்கிறது:

“பெங்குவின் ஒவ்வோர் அடிக்கும் தலையாட்டியது. எய்விந்த் வலக்கையை மாற்றி இடக்கையை அசைத்தான்; அது அட்டவணையில் இல்லாத அசைவு. கீழே காவல் நின்ற வீரன் நேராகப் பார்த்தபடியேதான் இருந்தான். ஆனால் தன் மேலதிகாரி ஒரு ட்யூபாவில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தவனுக்குச் சிரிக்காமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அவன் கன்னச் சதை சொல்லிற்று.”

கடைசி வாக்கியம் நீளம்தான். ஆனாலும் அதை வெட்ட மனம் வரவில்லை.

தாத்தாவாகிய மன்னரை எழுதுவது எளிதாக அமைந்தது. நிஜ வரலாற்றில், அரச குலத்தைச் சாராத சோனியா ஹரால்ட்சனை மணக்க அன்றைய பட்டத்து இளவரசர் ஹரால்ட் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார். 1968-இல்தான் தந்தை உலாவின் சம்மதத்தோடு திருமணம் நடந்தது. அப்படிக் காத்துக் கிடந்த ஒருவர் தாத்தாவானால் பேரனிடம் எப்படி நடந்துகொள்வார் என்று யோசித்துத்தான் என் கற்பனை மன்னரை வடித்தேன். அவர் அறிவுரை சொல்வதில்லை. செயலாளர் கோப்பை நீட்டும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

டிராம் அத்தியாயம் சிறியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில், ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை இருந்தபோது, மன்னர் ஐந்தாம் உலாவ் பனிச்சறுக்குக்குப் பொதுமக்களோடு ரயிலேறிப் போய், டிக்கெட்டுக்குப் பணம் நீட்டிய கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். எய்விந்தும் அதை முன்னுதாரணமாகக் காட்டித்தான் மெய்க்காவலரிடம் டிராமில் போக அனுமதி பெறுகிறான். டிக்கெட் எடுக்கும் செயலி அவனிடம் இல்லை. யோனாஸ் எடுத்துத் தருகிறான். அந்தக் கடனை அடைப்பதைச் சாக்காக வைத்து அடுத்த சந்திப்பு.

இதுவரை எழுதியதைப் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளிடம் கொடுத்தேன். “சித்தி, பெங்குவின் வரைக்கும் வந்துட்டாங்க, இன்னும் கையைக்கூடப் பிடிச்சுக்கலையே” என்றாள். நியாயமான கேள்வி. பதின்வயதுக் காதலில் கைகோப்பதே ஒரு பெரிய நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருப்பதால் அதைத் தள்ளிக்கொண்டே வந்தேன்; ஆனால் தள்ளுவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே கோடை விடுமுறைப் படகு அத்தியாயத்துக்கென வைத்திருந்ததை டிராமுக்கே கொண்டுவந்துவிட்டேன். கூட்டத்தில் மேலே தொங்கும் பிடி ஒன்றுதான் காலியாக இருக்கிறது. இருவரும் அதையே பிடிக்கிறார்கள். இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் அதைக் கவனிக்கிறார்கள். மெய்க்காவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

இப்போது படகு அத்தியாயம் வெறுங்கையோடு நிற்கிறது. அதில் செயலாளரை ஏற்றி, கடல் ஒத்துக்கொள்ளாமல் தவிக்கவிடலாமா என்று பார்க்கிறேன். அவர் கோப்பைத் தண்ணீரில் தவறவிட்டால் இரண்டாம் பாதிக்குத் தேவையான குழப்பம் அத்தனையும் அதிலிருந்தே கிளம்பும்.