தீயில் காயும் தோல்

வியாசர்பாடியில் எங்கள் மாமா பறையடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரல் நுனியால் தட்டித் தட்டி ஓசை பார்ப்பார். கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில், பெருங்கரடி ஏரிக்கரையிலுள்ள டெலினே ஊரின் டெனே பழங்குடி மக்களும், கரிபூ மான்தோல் போர்த்திய ஒருமுகப் பறையை நெருப்பருகே காய்ச்சித்தான் முழக்குகிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தோலின் குறுக்கே இழுத்துக் கட்டிய தோல்நரம்பு, ஒவ்வோர் அடிக்கும் ரீங்கரிக்கும்.

பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் அங்கே இன்றும் வாழ்கிறார்கள். ஆயினும் அந்நிலப்பகுதியின் 11 ஆட்சிமொழிகளில் 5 டெனே மொழிகளே என்பது எனக்குப் பெரும் ஆறுதல். டெலினே 2016இல் தன்னாட்சியும் பெற்றது.

மாமாவின் பேரன் இப்போது பறை பழகுகிறான். சென்ற ஞாயிறு அனல் மிகுந்து, தோலின் ஓரம் கருகிவிட்டது. மாமா திட்டாமல், எவ்வளவு தொலைவில் பிடிக்க வேண்டும் என்று அவன் கையைப் பற்றிக் காட்டினார்.